508 மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்குமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். மதுரை, மெட்ரிக் பள்ளி, பி.சி. பிரிவு. 2025 நீட் தேர்வில் 508 மதிப்பெண், அகில இந்திய ரேங்க் 49 ஆயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டு அண்ணன், அவரும் பி.சி., போன வருடம் 598 வாங்கியும் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. அதனால் கவுன்சலிங்குக்குப் பணம் கட்டி அலைய வேண்டாம், நேராக இன்னொரு வருடம் கோச்சிங் சேர்ந்துவிடு என்கிறார் அப்பா. 508-க்கு சீட் கிடைக்குமா என்று கேட்டிருந்தாலும், உங்களை அரிப்பது வேறு கேள்வி: 598-க்கே இல்லாத இடம் 508-க்கு எப்படி இருக்கும்?

இருக்கலாம். நல்ல வாய்ப்பே இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன், எதில் உறுதியாக இருக்கிறேன், எது வெறும் ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ப்ளஸ் டூ கட்-ஆஃபை வைத்து சீட் கொடுத்த காலத்திலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புவதும், சான்றிதழ் சரிபார்ப்பதும், கல்லூரி வரிசை போட்டுக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. சீட் ஒதுக்கும் தேர்வுக்குழுவில் வேலை பார்த்தவன் அல்ல. வெளியே நின்று பார்த்தவனுக்குத் தெரிந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 598-ஐ எடுத்துக்கொள்வோம். 2024-இல் நீட் மதிப்பெண்கள் இதற்கு முன் இல்லாத அளவுக்கு ஊதிப்போயின. பாடத்திட்டத்தைக் குறைத்திருந்தார்கள், வினாத்தாளும் சுலபம். முதலில் 67 பேருக்கு 720-க்கு 720 என்று அறிவிப்பு வந்தது. கருணை மதிப்பெண் ரத்தாகி, ஓர் இயற்பியல் கேள்வியின் விடை உச்ச நீதிமன்றம் வரை போய்த் திருத்தப்பட்ட பிறகு அது 17 ஆனது. அந்தத் திருத்தத்துக்குச் சற்று முன், நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை மையவாரியாக வெளியிட்ட பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர்கள் சொன்ன கணக்கு: 650-க்கு மேல் சுமார் 30 ஆயிரம் பேர், 600-க்கு மேல் சுமார் 81 ஆயிரம் பேர். அதாவது, 598 வாங்கிய உங்கள் அண்ணனுக்கு முன்னால் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் நின்றார்கள்.

2025-இல் நிலைமை தலைகீழ். கொரோனாவுக்குப் பிறகு கொடுத்து வந்த கூடுதல் கேள்விகளையும், அதில் பிடித்ததை எழுதலாம் என்ற சலுகையையும் எடுத்துவிட்டார்கள். 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம். முன்பு கிடைத்த 20 நிமிடமும் போயிற்று. இயற்பியல் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலிடம் பிடித்தவரே 686-தான். 650-க்கு மேல் போனவர்கள் நாடு முழுக்க 73 பேர். 600-ஐத் தாண்டியவர்கள் எல்லாரையும் சேர்த்தால்கூட ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். போன வருடம் 81 ஆயிரம் பேர் தாண்டிய எல்லையை இந்த வருடம் ஆயிரத்து முந்நூறு பேர்தான் தாண்டியிருக்கிறார்கள். மழை கொட்டிய வருஷத்து மகசூலோடு வறண்ட வருஷத்து மகசூலை வைத்து ஒருவரும் விவசாயியை எடைபோட மாட்டார்கள். நீட்டில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். உங்கள் 49 ஆயிரம் ரேங்க் 2024-இல் வந்திருந்தால் கையில் சுமார் 630 இருந்திருக்கும். இது மேலே சொன்ன இரண்டு எண்களுக்கு நடுவே நான் போட்ட மதிப்பீடு, நாலைந்து மதிப்பெண் இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் 90 மதிப்பெண் குறைவாக வாங்கிய நீங்கள் அண்ணனைவிட சுமார் 30 ஆயிரம் இடம் முன்னால் நிற்கிறீர்கள் என்பதில் சந்தேகம் இல்லை. யூடியூபில் 'சேஃப் ஸ்கோர்' என்று ஓடும் வீடியோக்களில் பாதி போன வருடத்து மதிப்பெண்ணோடு பத்தைக் கூட்டியோ கழித்தோ சொல்பவை. அவற்றைப் பார்க்காமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது.

சரி, ரேங்க் நல்லது; அதை வைத்து எங்கே போக முடியும்? இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று அகில இந்திய ஒதுக்கீடு. எல்லா மாநில அரசுக் கல்லூரிகளிலும் 15 சதவீத இடமும், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அதில் வரும், மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நடத்துகிறது. அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும் என்று நான் நினைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்கள் முதல் சுற்றில் பொதுப்பிரிவுக்கு 20 ஆயிரம் ரேங்கை ஒட்டியே முடிந்துவிடுகின்றன. மத்திய அரசுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோரான ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2021-இலிருந்து. ஆனால் நாடு முழுக்க அந்தப் பிரிவில் போட்டி அவ்வளவு கடுமை; ஓ.பி.சி.யும் பொதுப்பிரிவும் சில நூறு ரேங்க் வித்தியாசத்தில்தான் முடிகின்றன. பின் சுற்றுகளில் கொஞ்சம் இறங்கும், 49 ஆயிரம் வரை இறங்காது. மதுரைக்காரர் என்பதால் தோப்பூர் எய்ம்ஸ் ஆசை இருக்கும். அதுவும் இதே கதவு வழியாகத்தான், ஊர்க்காரர்களுக்கென்று தனி இடம் எதுவும் கிடையாது. (2022-இல் சேர்ந்த முதல் செட் மதுரை எய்ம்ஸ் மாணவர்கள் ராமநாதபுரம் அரசுக் கல்லூரியில் உட்கார்ந்துதான் படிப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.)

அந்தப் பக்கம் விதிவிலக்கு ஒன்று உண்டு. அப்பாவோ அம்மாவோ மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியானால் இ.எஸ்.ஐ.சி. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன. பொதுப் போட்டியைவிட மிகத் தாழ்ந்த ரேங்குக்கும் அவை கிடைப்பதுண்டு. அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டில் யாருமே சொல்லாமல் விட்டுப்போகும் விஷயம் இது, இன்று சாயங்காலமே அப்பாவிடம் கேளுங்கள்.

உங்கள் கதவு மாநில ஒதுக்கீடுதான். மீதி 85 சதவீதம், கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வு. இங்கே அகில இந்திய ரேங்கும் பின்னுக்குப் போய்விடும். நம் மாநிலத்தில் விண்ணப்பித்தவர்களை மட்டும் எடுத்து ஒரு பொது ரேங்க், கூடவே சமூகவாரி ரேங்க் என்று இரண்டு எண் தருவார்கள். உங்களுக்கு விடை சொல்லப் போவது அந்த இரண்டாவது எண். பட்டியல் இன்னும் வரவில்லை, அதனால்தான் நான் கணிப்பு என்ற சொல்லோடு நிற்கிறேன். வந்த பிறகு எப்படிக் கணக்குப் போடுவது என்பதை மட்டும் இப்போதே காட்டிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள், மொத்த இடம் ஐயாயிரத்தைச் சுற்றி. அகில இந்தியாவுக்கு 15 சதவீதம் போனால் சுமார் 4,250. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் போனால் சுமார் 3,900. (ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது, மெட்ரிக்கில் படித்த உங்களுக்கு வராது.) மாற்றுத்திறனாளி, விளையாட்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீடெல்லாம் சிறியவை, இந்தக் கணக்குக்கு விட்டுவிடலாம். 3,900-இல் ஓ.சி. 31 சதவீதம், சுமார் 1,200. பி.சி. 26.5 சதவீதம், சுமார் 1,030. இங்கேதான் பலர் கணக்கை விட்டுவிடுகிறார்கள். 'பி.சி.க்கு 1,030 இடம், என் சமூக ரேங்க் 1,500, அப்ப கிடைக்காது' என்று பெட்டியைக் கட்டுகிறார்கள். ஓ.சி. என்பது எல்லாச் சமூகத்தாரும் போட்டியிடும் பொது இடம். அதில் கணிசமான பங்கை எடுப்பவர்களே பி.சி. மாணவர்கள்தான். ஒரு பேச்சுக்கு, 1,200-இல் 600 பேர் பி.சி. என்று வையுங்கள். அந்த 600 பேரும் பி.சி. சமூக ரேங்க் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள்தானே? அவர்கள் பொது இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பி.சி.யின் 1,030 இடம் 601-ஆம் ரேங்கில் தொடங்கி 1,630 வரை இறங்கும். இதற்கு மேல் எய்ம்ஸ், ஜிப்மர், அகில இந்திய இடம் என்று வெளியே போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் வேறு. 600 என்பது நான் விளக்கத்துக்குப் போட்ட எண், அதைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். போன வருடத்து ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தேர்வுக்குழுவின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் பி.சி. இடம் வாங்கிய கடைசி ஆள் யார் என்று பாருங்கள். அவருடைய மதிப்பெண்ணை விட்டுவிட்டு சமூக ரேங்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கும் அடுத்த சுற்றுகளுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். உங்கள் எண் முதல் சுற்று எண்ணுக்குள் இருந்தால் நிம்மதி. இரண்டுக்கும் நடுவே இருந்தால் பொறுமை. கடைசிச் சுற்றையும் தாண்டி ஐம்பது நூறு போய்விட்டால் மட்டுமே மாற்று வழியை யோசிக்க வேண்டும். கல்லூரி இடங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாத வரை இந்த முறை பொய்க்காது. மதிப்பெண் ஏறும் இறங்கும், வரிசையில் எத்தனையாவது ஆள் வரை கதவு திறந்திருக்கும் என்பது மெதுவாகத்தான் மாறும்.

என் கணிப்பில் உள்ள ஓட்டை எது என்றும் சொல்ல வேண்டும். 49 ஆயிரம் அகில இந்திய ரேங்க் 2024-இல் தமிழ்நாட்டுப் பட்டியலில் எங்கே விழுந்ததோ, 2025-இலும் அதே இடத்தில் விழும் என்று எடுத்துக்கொண்டுதான் 'நல்ல வாய்ப்பு' என்றேன். இயற்பியல் கடினமான வருடத்தில் எந்த மாநிலப் பிள்ளைகள் எவ்வளவு அடி வாங்கினார்கள் என்பது மாறும். நம் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்திருந்தால், உங்கள் 49 ஆயிரத்துக்கு முன்னால் தமிழ்நாட்டவர் கூடுதலாக நிற்பார்கள், உங்கள் மாநில ரேங்க் பின்னுக்குப் போகும். இன்னொன்று, இந்த வருடம் மதிப்பெண்கள் நெருக்கமாக இருக்கின்றன. 500-ஐ ஒட்டிய பகுதியில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஏராளமானவர்கள் நிற்பார்கள். சம மதிப்பெண் வந்தால் முதலில் உயிரியல், அப்புறம் வேதியியல், அப்புறம் இயற்பியல் என்று பார்ப்பார்கள். உயிரியலில் நீங்கள் நன்றாக வாங்கியிருந்தால் அது இங்கே கைகொடுக்கும்.

சான்றிதழ் பற்றிக் கொஞ்சம். ரேங்க் இருந்தும் சீட் போனவர்களை நான் பார்த்தது இங்கேதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடப் பிரச்சினை இல்லை. இடையில் ஒரு வருடம் வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று, பெற்றோர் ஆவணங்கள் என்று கேட்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அப்பா பாலக்காட்டில் கடை வைத்திருந்த காலத்தில் ஆறாம் வகுப்பு மட்டும் அங்கே. விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்துக்கு வந்தபோதுதான் வீட்டாருக்கே அது நினைவுக்கு வந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகி அந்தச் சான்று கைக்கு வந்தபோது பதிவேற்றக் கடைசி நாள் சாயங்காலம். பிழைத்தான். சாதிச் சான்றைப் பொறுத்தவரை மாநிலக் கலந்தாய்வுக்கு நீங்கள் பள்ளியில் கொடுத்த நிரந்தரச் சான்று போதும். வருமான வரம்பும் இங்கே இல்லை. அகில இந்தியக் கலந்தாய்வுக்குத்தான் ஓ.பி.சி. சான்று வேறாக, நடப்பு ஆண்டுக்குரியதாக வேண்டும். அதில் வசதி படைத்த பிரிவினருக்கான வரம்பும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'எங்கள் வருமானம் அதிகம், பி.சி. சலுகை கிடைக்காது' என்று மாநிலத்திலும் பொதுப்பிரிவில் விண்ணப்பித்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

கல்லூரி வரிசை போடுவதில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். எது உண்மையில் வேண்டுமோ அதை மேலே வையுங்கள், போகச் சம்மதமான அத்தனையையும் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கீழே உள்ளது பறிபோகும் என்ற பயம் வேண்டாம்; மென்பொருள் மேலிருந்து பார்த்து, கிடைக்கும் முதல் இடத்தைத் தரும், அவ்வளவுதான். பட்டியலை நறுக்குவதுதான் ஆபத்து. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை என்று ஐந்தை மட்டும் போட்டு 'லாக்' செய்துவிட்டு, தன்னைவிடப் பின்னால் இருந்தவர் அரியலூரில் சேர்ந்ததைப் பார்த்து அழுத பெண் உண்டு. 2022 ஜனவரியில் திறந்த பதினோரு கல்லூரிகளை 'புதுசு' என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. பழைய கல்லூரியில் நோயாளிக் கூட்டமும் அனுபவப்பட்ட பேராசிரியர்களும் அதிகம் என்பது நிஜம்; மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பார்க்கக் கிடைப்பது எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் புதுக் கல்லூரிகள் பல ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையோடு இணைந்தவை. பட்டம் ஒன்றுதான், கட்டணமும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். உங்கள் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் இவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் மேலான கல்லூரி கேட்டு, அது கிடைத்துவிட்டால் முதல் இடம் தானாகப் போய்விடும். போக விருப்பமில்லாத ஊரை 'சும்மா' மேலே வைக்காதீர்கள்.

அடுத்த படி தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு. சிறுபான்மையினர் கல்லூரி அல்லாதவற்றில் 65 சதவீத இடம், சிறுபான்மையினர் கல்லூரிகளில் 50 சதவீதம் இப்படி வரும். கல்விக் கட்டணம் வருடம் நாலரை லட்சத்தை ஒட்டி, விடுதி தனி. அரசுக் கல்லூரி நழுவினாலும் இது உங்களுக்குக் கிடைக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வீட்டால் முடியுமா என்பது நான் சொல்லக்கூடியது இல்லை. நிர்வாக ஒதுக்கீடு அதைப் போல மூன்று மடங்கு, நிகர்நிலை அதற்கும் மேல். ஒரு விஷயம் மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: நிர்வாக ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகிறது. 'சீட் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன், அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள்' என்று ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து போன் செய்கிறவர்களிடம் விற்பதற்கு எதுவும் இல்லை.

கடைசியாக அப்பாவின் யோசனை. கவுன்சலிங்கை விட்டுவிட்டு கோச்சிங் சேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்ணப்பிக்க ஆகும் செலவு கோச்சிங் கட்டணத்தின் ஓர் ஓரத்துக்குக்கூட வராது. முதல் சுற்றில் வரவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம், பி.சி.யில் பின் சுற்றுகளில் நகர்வு இருக்கும். எங்காவது அரசுக் கல்லூரி கிடைத்தால் சேருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரிக்காக இன்னொரு வருடம் எழுதுவது சூதாட்டம், அடுத்த வருடத் தாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அரசும் இல்லை, தனியார் கட்டணமும் கட்ட முடியாது என்ற நிலை வந்தால் அப்போது ரிப்பீட் நியாயமான முடிவுதான். உச்ச வயது வரம்போ, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடோ இப்போது இல்லை. அதுவரை கால்நடை மருத்துவத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக்கு அங்கே நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றுக்கு நீட் ரேங்கே உதவும், கலந்தாய்வு மட்டும் வேறு.

தேர்வுக்குழுவின் பட்டியல் வெளியானதும் உங்கள் பி.சி. சமூக ரேங்கையும், உயிரியல் மதிப்பெண்ணையும் இங்கேயே எழுதுங்கள். போன வருடத்துக் கடைசி ரேங்கோடு வைத்துப் பார்த்து, எந்தெந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று சொல்கிறேன். அதற்குள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.